இரண்டாவது அண்டா

சோலையப்பன் வீட்டில் கிடாவெட்டு என்றால் எப்போதும் இரண்டு கிடாதான். ஒன்று கருப்பருக்கு. மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்பிச் சம்மதம் சொல்லும்வரை காத்திருந்து, ஒரே வீச்சில் வெட்டுவார்கள். இன்னொன்றை ஆலங்குடியில் கறிக்கடை வைத்திருக்கும் ஹாஜா முகைதீன் வந்து ஓதி அறுத்துக் கொடுப்பார். சாமிக்கு வெட்டிய கறியைப் பாய்மார் தொடமாட்டார்கள். தேங்காய் எடுக்க வருகிற வியாபாரி, உரக்கடைக்காரர், லாரி ஓட்டுகிறவர் என்று பழகின பாய்மார் ஒரு பந்திக்கு இருப்பார்கள். வீடு தேடி வந்தவர்களை வெறும் ரசத்தோடு உட்கார வைப்பதா என்று சோலையப்பனின் தகப்பனார் காலத்தில் ஏற்பட்ட பழக்கம் அது. இரண்டு அடுப்பு, இரண்டு அண்டா, இரண்டு அகப்பை. ஓர் அண்டாவின் அகப்பை இன்னொன்றில் விழக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது இருளாயியின் வேலை. வாக்கப்பட்டு வந்ததிலிருந்து அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

இந்த ஆவணியில் தவறிவிட்டது.

கஜா புயலில் தோப்பு முழுக்கச் சாய்ந்தபோது சோலையப்பன் வேண்டிக்கொண்டது இது. மறுபடி வைக்கிற கன்றுகள் பாளை விட்டுக் காய் பிடித்தால் கருப்பருக்குக் கிடா. பிடித்துவிட்டது. கோயிலை ஒட்டிய தோப்பிலேயே அடுப்பு மூட்டினார்கள். விடியும்போதே ஹாஜா முகைதீன் டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினார்.

"என்னாத்தா இருளாயி, கெடா உருண்டு தெரண்டு நிக்கிது? அண்ணனுக்குப் போடுற சோத்தையும் இதுக்கே போட்டியா?"

"அவுகளுக்குப் போட்டா ஒடம்புல ஒட்ட மாட்டேங்குதுங்க பாய். ஆட்டுக்குப் போட்டா நன்றியா ஒட்டுது."

சோலையப்பன் விறகைப் பிளந்துகொண்டே, "ரெண்டு பேரும் பேசி முடிங்க, நானும் ஒரு கயித்தக் கட்டிக்கிட்டு அங்கிட்டு நிக்கிறேன்" என்றார்.

பாய் அறுத்து, உரித்து, துண்டு போட்டுக் கொடுத்துவிட்டு, கடை திறக்க வேண்டும் என்று டீயோடு கிளம்பிவிட்டார். இருளாயி அவருடைய கறியை வேப்பமரத்து அடுப்பில் ஏற்றினாள். கருப்பர் கறி கிழக்கு அடுப்பில் ஏறியது. மல்லியும் மிளகும் வறுத்து அம்மியில் அரைத்தது; இரண்டுக்கும் ஒரே மசாலைதான். கொதி வந்தபோது எது எந்த வாசனை என்று பிரிக்க முடியவில்லை.

அன்றைக்கு அவள் முக்கியமாக எதிர்பார்த்திருந்த ஆள் நாஜியா.

கல்லணைத் தண்ணீர் வருகிற கால்வாய் ஊருக்கு மேற்கே ஆளுயரத்துக்கும் மேலாகக் கீழே இறங்கி விழும். அந்த இடத்தில் ஒரு கம்பெனி மின்சாரம் எடுக்கும் மிஷினைப் பொருத்திக்கொண்டிருந்தது. ஊர் சனங்களிடம் பேசுவதற்கென்று கம்பெனி அனுப்பிய பெண் நாஜியா. கோட்டைப்பட்டினத்துக்காரி, புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி பஸ்ஸில் வந்து போவாள். கிடைக்கிற வருமானத்தில் வருஷா வருஷம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு, அதை வைத்து என்ன செய்யலாம் என்று வீடு வீடாகக் கேட்டாள். ஊர்க்காரர்கள் நாலு பேருக்கு மிஷின் ரூமில் வேலை கிடைக்கும் என்றும் சொன்னாள். இருளாயியின் மகள் தேவிப்ரியா எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, ஆலங்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தாள். நாலு பேரில் ஒருத்தியாக வந்துவிடுவாள் என்று வீட்டில் எல்லாருக்கும் நம்பிக்கை.

இருளாயிக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேலை மட்டும் இல்லை. முதல்நாள் வந்தபோது இருளாயி களத்தில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாஜியா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். செடியை எடுத்து, பார்த்துப் பார்த்து, பிஞ்சையும் சேர்த்துப் பிய்த்தாள்.

"தாயி, அது பிஞ்சு. அத விட்ரு. ஒங்க ஊருல கடலைய ஆஞ்சதில்லையா?"

"எங்க ஊர்ல எறா உரிப்பாங்கம்மா. அதுல பிஞ்செல்லாம் கெடையாது."

இருளாயி சிரித்துவிட்டாள். அப்படியே பேச்சோடு பேச்சாக, வெளியாட்கள் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். மிஷினுக்காகக் கம்பெனி வேலி போட்டதில் பொம்பளைகள் குளிக்கும் படித்துறை உள்ளே போய்விட்டது. இப்போது கீழே களிமண் சரிவில் இறங்கிக் குளிக்க வேண்டியிருக்கிறது. மறைப்பும் கிடையாது. ஆம்பளைகளிடம் சொன்னால் ஊர் முகப்பில் வளைவு கட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நாஜியா கேட்டுக்கொண்டாள். மறுநாளே அந்தச் சரிவில் தானே இறங்கிப் பார்த்துவிட்டு, முழங்கால்வரை சேறு அப்பி வந்து நின்றாள். "வழுக்குதும்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவளைக் கிடாவெட்டுக்குக் கட்டாயம் அழைக்க வேண்டும் என்று இருளாயி அன்றைக்கே நினைத்துக்கொண்டாள்.

கிடாவெட்டன்று மிஷினில் தண்ணீர் விட்டுப் பார்க்கிறார்கள் என்று நாஜியாவுக்கு நேரமாகிவிட்டது. தேங்காய் வியாபாரி வழக்கமாக வருகிற ஆட்களோடு, சுமை ஏற்றுகிறவர்களையும் கூட்டி வந்துவிட்டார். பசித்த வயிறுகள். வேப்பமரத்து அண்டா தரை தட்டியது. இருளாயி அடியைச் சுரண்டியே கடைசி இலைக்குப் போட்டாள். "வயிறு நெறஞ்சுது தங்கச்சி" என்று வியாபாரி எழுந்த நேரம், வெயிலில் முகம் சிவந்து, செருப்பைத் தோப்பு ஓரத்தில் கழற்றிவிட்டு நாஜியா வந்தாள்.

"மன்னிச்சிருங்கம்மா. பசி உயிர் போகுது. எனக்கு இருக்குல்ல?"

"இல்லாமப் போகுமா தாயி. ஒக்காரு."

வாய் சொல்லிவிட்டது. இலையைப் போட்டு, தேவிப்ரியா சோறு வைத்தாள். இருளாயி வேப்பமரத்தடிக்குப் போய் அண்டாவை எட்டிப் பார்த்தாள். மசாலை ஒட்டிய அடி தெரிந்தது. தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். முட்டை இருந்தது, ரசம் இருந்தது. அந்தப் பெண் ஒன்றும் நினைத்திருக்க மாட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்த ஆளிடம், அதுவும் வருந்தி அழைத்த ஆளிடம், கறி தீர்ந்தது என்று சொல்ல இருளாயிக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் பந்தியே திரும்பிப் பார்க்கும். எதையும் ஊருக்கே சொல்லிவிடுகிற முனியாயி அங்கே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறாள். அப்புறம், அதற்கும் அடியில், மகளுடைய வேலை என்ற நினைப்பும் கிடந்தது. அந்த நினைப்பு இல்லையென்று எந்தச் சாமி முன்னாலும் அவளால் சொல்ல முடியாது.

கிழக்கு அடுப்புக்குப் போனாள். அகப்பையை விட்டாள். நல்ல துண்டாக, எலும்போடு எடுத்துவந்து இலையில் வைத்தாள்.

நாஜியா இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு கேட்டாள். சந்தேகத்தில் கேட்கவில்லை, பழக்கத்தில் கேட்டாள்.

"அம்மா, இது பாய் அறுத்ததுதானே?"

"ஆமாந்தாயி."

அவள் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு பிசைந்து சாப்பிட்டாள். எலும்பை உறிஞ்சினாள். "எங்க உம்மா கைப்பக்குவம் மாதிரியே இருக்கு" என்று இன்னொரு முறை வாங்கிக்கொண்டாள். தண்ணீர்ச் செம்போடு நின்ற தேவிப்ரியா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த அண்டாவிலிருந்து வந்தது என்று அவளுக்கும் தெரியும்.

அன்று இருளாயிக்குச் சோறு இறங்கவில்லை. பாத்திரம் கழுவும்போது சோலையப்பனிடம் சொன்னாள். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன்டி, ஒரு முட்டைய வச்சிருக்கக் கூடாதா?"

"தோணலீங்க."

"எங்கப்பாரு இருந்திருந்தா ஒன்னைய இல்ல, என்னையத்தான் செருப்பால அடிச்சிருப்பாரு." பிறகு அவரே தணிந்தார். "சரி விடு. தெரியாமச் சாப்புட்டா அவுகளுக்குப் பாவமில்லைம்பாக. வெளிய மூச்சு விடாத. நம்ம கருப்பரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு."

"கருப்பருகிட்ட நான் பேசிக்கிருவேன். அந்தப் பிள்ளையோட சாமிகிட்ட யாரு பேசுறது?"

தேவிப்ரியா பட்டென்று சொன்னாள்: "யாரும் யார்கிட்டயும் பேச வேணாம். வேலை முடிவாகுற வரைக்கும் எல்லாரும் சும்மா இருங்க."

இருளாயி சும்மா இருந்தாள். கடலைக் காட்டில் களை எடுக்கும்போது சும்மா இருந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது சும்மா இருந்தாள். ஆனால் 'ஆமாந்தாயி' என்ற தன் குரல் மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எவ்வளவு சுலபமாக வந்தது அது! பொய் சொல்லத் தெரியாதவள் என்று ஊரில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. விளக்கேற்றிக் கும்பிடும்போது கண்ணை மூடினால், அந்தப் பெண் நம்பிக்கையோடு நிமிர்ந்து பார்த்த முகம் வந்து நின்றது. கண்ணைத் திறந்துகொண்டே கும்பிட ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் சமுதாயக் கூடத்தில் கம்பெனிக் கூட்டம். வெயில் இறங்கியும் புழுக்கம் குறையவில்லை. ஃபேன் சத்தத்துக்குக் குறைவில்லை, காற்றுதான் இல்லை. ஆம்பளைகள் நாற்காலியில், பொம்பளைகள் தரையில். நாஜியா எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"முதல்ல ஒரு விஷயம் சொல்லிடுறேன். நாலு பேருக்கு வேலைன்னு சொல்லியிருந்தேன். அது நடக்காது. ஊருக்கு ஒரு ஆள்தான் எடுக்குறாங்க. பங்கும் நான் சொன்ன அளவுக்கு இந்த வருஷம் வராது. படித்துறை கட்டலாம், மறைப்போட. வளைவுக்குக் காணாது."

உடையப்பன் எழுந்தார். வளைவில் தன் தகப்பனார் பெயரைப் போடலாம் என்று இருந்தவர்.

"ஏம்மா, அன்னைக்கு நாலு, இன்னைக்கு ஒண்ணு. நாளைக்கு வந்தா அதுவும் இல்லைம்பியா?"

"ஆபீஸ்ல சொன்னத தீர விசாரிக்காம வந்து உங்ககிட்ட சொல்லிட்டேன். அது என் தப்புதாங்க. நான் பொய் சொல்லணும்னு சொல்லல. ஆனா நான் சொன்னது பொய்யாப் போயிருச்சு. அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"மன்னிப்ப வச்சுத் திருப்பூருக்கு டிக்கெட் எடுக்க முடியுமா?" என்றாள் முனியாயி. அவள் மகன் எழிலரசன் திருப்பூர் மில் வேலையை விட்டுவிட்டு இந்த வேலைக்காக ஊரில் காத்திருந்தான். "எம் மகன் வந்த வேலையெல்லாம் வேணாம்னுட்டான், ஒன்னைய நம்பி."

"தெரியும்மா. எழிலரசன்கிட்டயும் நேர்ல சொல்றேன்."

"சொல்லு, சொல்லு. வாயி நல்லாத்தான் இருக்கு ஒனக்கு."

சிரிப்பு கிளம்பியது. உடையப்பனுக்கு அது தெம்பு கொடுத்தது. "எங்க ஊருச் சோத்தத் தின்னுட்டு எங்களையே ஏமாத்திப்புட்டியேம்மா. கிடாவெட்டுல வந்து எலையில ஒக்காந்தீல்ல?"

நாஜியா தலையைக் குனிந்துகொண்டாள்.

இருளாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரியாமல் சொன்ன ஒன்றுக்காக அந்தப் பெண் ஊர் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கிறாள். தெரிந்தே சொன்னவள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தச் சோறு என்ன சோறு என்று இந்த உடையப்பனுக்குத் தெரியுமா? எழுந்து நின்று சொல்லிவிடலாம் என்று முட்டியை ஊன்றினாள். எழ முடியவில்லை. அத்தனை பேர் முன்னால் சொன்னால் வெட்கம் தனக்கு மட்டும் இல்லை, அந்தப் பெண்ணுக்கும்தான் என்று தோன்றியது. அது நியாயமா, பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் கலைந்ததும் விறுவிறுவென்று பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். நாஜியா தனியாக நின்றிருந்தாள். மேற்கே மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. மண் வாசனை வந்தது, மழை வரவில்லை.

"என்னம்மா இங்கிட்டு? தேவிப்ரியா பத்திக் கேக்க வந்தீங்களா? புதுக்கோட்டையில பரீட்சை வைப்பாங்க. நல்லா எழுதச் சொல்லுங்க."

"அதுக்கு வரல தாயி."

"அப்புறம்?"

இருளாயி முந்தானையைக் கையில் சுற்றினாள். அவிழ்த்தாள். "அன்னைக்கு நான் ஒனக்குப் போட்டது பாய் அறுத்த கறி இல்ல. அது தீந்து போச்சு. சாமிக்கு வெட்டுன கறியைத்தான் போட்டேன். நீ கேட்ட. நான் ஆமான்னேன்."

நாஜியா புரியாதவளைப் போலப் பார்த்தாள். பிறகு புரிந்தது. கை தானாகப் போய் வாயைப் பொத்தியது. ரோட்டைக் கடந்து ஒரு மாட்டு வண்டி போகும்வரை அதை எடுக்கவில்லை.

"தீந்து போச்சுன்னு சொல்லியிருக்கலாமேம்மா. நான் ரசம் ஊத்தியே சாப்பிட்டிருப்பேனே."

"ஆமா தாயி."

"தெரியாம சாப்பிட்டா குத்தமில்லன்னு எங்க அத்தா சொல்வாரு. அது எனக்கும் அல்லாவுக்கும். ஆனா நான் உங்க மொகத்தப் பாத்துத்தான சாப்பிட்டேன்?" ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இன்னைக்கு ஏன் சொல்றீங்க? எல்லாரும் பேசினது பத்தாதுன்னா?"

இருளாயி அவள் காலில் விழலாமா என்று குனிந்தாள். நாஜியா பதறி இரண்டடி பின்னால் போனாள். "வேணாம்மா, வேணாம்." பஸ் வந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள்.

வீட்டில் தேவிப்ரியா அழுதாள். "வேலை முடிவானதுக்கு அப்புறம் சொல்லியிருந்தா என்னம்மா? கொஞ்ச நாள் பொறுத்துக்க முடியாதா ஒன்னால?"

"வேலைய வாங்கிக்கிட்டுச் சொன்னா, அது சொன்னதாகுமாடி?"

"ஒனக்குப் பாரம் எறங்கிருச்சு. எனக்குல்ல ஏத்தி வச்சுட்ட."

மகள் மேல் ஏற்றி வைத்தது பொய்யில்லை. ஆனால் இருளாயியின் பாரமும் இறங்கவில்லை.

பரீட்சை நடந்தது. தேவிப்ரியாவும் எழிலரசனும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். பிறகு நாஜியா ஊருக்கு வரவே இல்லை. போன் செய்தால் அடித்து நின்றது. முனியாயி தண்ணீர்க் குழாயடியில், "என்னாடி, ஒங்க வீட்டுச் சம்பந்திய ஆளையே காணாம்?" என்று கேட்டாள். இருளாயி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

புரட்டாசி பிறக்கும் முன்னால் ஒருநாள், உச்சி வெயிலில் நாஜியா வீட்டு வாசலில் வந்து நின்றாள். சோலையப்பன் கட்டிலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"தேவிப்ரியா, உன்கிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன். போன்ல சொல்ல மனசு வரல. எழிலரசனுக்குத்தான் கெடச்சிருக்கு. அவன் மில்லுல மோட்டார் பாத்திருக்கான், செய்முறைல அவனுக்கு மார்க் கூட. உனக்கு ரெண்டாவது எடம்."

தேவிப்ரியா தலையை ஆட்டினாள். "சரிக்கா" என்றாள். மாட்டுக்கு வைக்கோல் போட வேண்டும் என்று பின்கட்டுக்குப் போனாள். மாட்டுக்கு ஏற்கெனவே போட்டிருந்தது.

"மார்க் போட்டது திருச்சி ஆபீஸ்லங்க. என்னைய ஒரு வார்த்தைதான் கேட்டாங்க" என்றாள் நாஜியா சோலையப்பனிடம். "நல்ல பொண்ணு, நல்ல வீடுன்னு சொன்னேன்."

நல்ல வீடு என்ற சொல் இருளாயியைக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மகளுக்குக் கிடைக்காமல் போனது தன்னால்தானோ என்று கேட்க வேண்டும். கேட்டால், அந்தப் பெண்ணை இன்னொரு முறை அவமானப்படுத்தியது போலாகும். கேட்காமலிருந்தால் சாகும்வரை அரிக்கும். நாஜியா அவள் முகத்தையே பார்த்தாள். அந்தக் கேள்வி அங்கே எழுதி ஒட்டியது போல் தெரிந்ததோ என்னவோ.

செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்தாள். அடுப்படிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, பசிக்குது. சோறு இருக்கா?"

இருளாயி திகைத்து நின்றாள். "இங்கயா தாயி?"

"இங்கதான். பஸ்ஸுக்கு நேரமிருக்கு."

இருளாயி தட்டைக் கழுவினாள். கழுவிய தட்டை மறுபடி கழுவினாள். சோற்றைப் போட்டுக் குழம்புச் சட்டியைத் திறந்தாள்.

"இது கத்திரிக்காப் புளிக்கொழம்பு தாயி. இன்னைக்கு வச்சதில்ல, நேத்து வச்சது. காலையில சுட வச்சேன். கருவாடு ரெண்டு கெடக்கு, நெத்திலி. ஆலங்குடிச் சந்தையில வாங்குனது. எண்ணெய் நம்ம கடலைய ஆட்டுனது. உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு. வேற ஒண்ணுமே போடல. சட்டி, கறி வைக்கிற சட்டி இல்ல, இது வேற…"

"அம்மா" என்றாள் நாஜியா. "நான் ஒண்ணும் கேக்கலையே."

வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். வாசலில் சோலையப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பின்கட்டில் மாடு வைக்கோலை மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. உப்பு கூடித்தான் இருந்திருக்கும். நாஜியா ஒரு வாய்க்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். ஆனால் தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

"இன்னும் கொஞ்சம் போடுங்கம்மா" என்று தட்டை நீட்டினாள்.

இருளாயியால் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்தபடியே கரண்டியைச் சட்டிக்குள் விட்டு, அடியில் கிடந்த கத்திரிக்காயை ஒன்றுவிடாமல் அள்ளிப் போட்டாள்.